இடப்பக்கம் ஒன்றரை இஞ்ச்

ஜூலை 3, புதன்

வயிற்றைக் கிழித்துத் தைத்து இன்றோடு நான்கு வாரம். தினமும் எவ்வளவு நடந்தேன், எதைத் தூக்கினேன் என்று எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அதற்காக வாங்கிய நோட்டு இது. ஆனால் முதல் பக்கத்தில் எழுதத் தோன்றுவது வேறு. எனக்குப் போட்டுக்கொள்ளத் துணி இல்லை.

பீரோ நிறைய இருக்கிறது, எதுவும் ஆகாது. சுடிதார் டாப்ஸ் எல்லாம் தலைவழியாகப் போடுவது. பாப்பாவுக்குப் பால் கொடுக்க வேண்டுமென்றால் கழுத்து வரை சுருட்டித் தூக்க வேண்டும். தூக்கினால் கட்டுப் போட்ட வயிறு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்சி. சேலை கட்டலாம் என்றால் பாவாடை நாடா ஒரு எமன்.

எனக்கு நடந்தது சிசேரியன் இல்லை. பாப்பா சுகப்பிரசவத்தில் பிறந்தாள். நாற்பத்தைந்தாம் நாள் எனக்கு வயிற்று வலி வந்தது. அம்மா வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தாள், சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். மூன்றாம் நாள் குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது. தொப்புளுக்கு மேலே நான்கு விரல், கீழே நான்கு விரல், நெட்டுக்கு ஒரே வெட்டு. சிசேரியன் தழும்பு அடிவயிற்றில் குறுக்கே படுத்துக்கொள்ளும், நாடாவை அதற்கு மேலே கட்டித் தப்பித்துக்கொள்ளலாம். என் தழும்பு நின்றுகொண்டிருக்கிறது. நாடாவை எங்கே கட்டினாலும் அதன் மேல்தான்.

வேடிக்கை என்னவென்றால், நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கிற அளவில், கேட்கிற நாளில் துணி போய்ச் சேர்வதைப் பார்ப்பது என் வேலை. போன வருஷம் மட்டும் பால் கொடுக்கும் தாய்மார்கள் போடுகிற டாப்ஸ் நாற்பதாயிரம் பீஸ் அனுப்பியிருக்கிறேன். மார்புத் திறப்பு அரை இஞ்ச் சின்னதாக இருக்கிறது என்று பையர் அம்மாள் மெயில் அனுப்பினாள். டாலரன்ஸுக்குள்தானே இருக்கிறது, கூடக் குறைய அரை இஞ்ச் விடலாம் என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று சண்டை பிடித்து ஜெயித்தேன். அந்த அம்மாளிடம் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நடந்தது: வாசல் வரை மூன்று முறை. தூக்கியது: பாப்பா மட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

திருப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். தம்பி கல்யாணம் முடிகிற வரை நான் இங்கே அவிநாசியில் அம்மா வீட்டில்தான். ஞாயிறு தோறும் லோகநாதன் வந்து போவது ஏற்பாடு.

அவருடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் பொத்தான், தொளதொள என்று இருக்கும், தழும்பில் ஒட்டாது. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். "என்ற சட்டையவா போட்டிருக்கற?" என்று சிரித்தார். பாப்பா மடியில் கிடந்தாள். ஃபோட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார்.

அப்புறம் பார்த்தேன். பாப்பா இருக்கிறாள். அவளைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. கைக்கு மேலே ஆளே இல்லை.

"ஏனுங்க, நான் எங்க?" என்றேன்.

"பாப்பாவத்தான எடுத்தேன்?"

நல்ல மனிதர். வந்தால் பாப்பாவின் துணியெல்லாம் அவரே அலசிப் போடுவார். அதனால் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. ஃபோட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 10, புதன்

ஆன்லைனில் வரவழைத்த ஃபீடிங் குர்த்தி வந்தது. படத்தில் அதைப் போட்டிருந்த பெண்ணுக்கு வயிறு பலகை மாதிரி இருந்தது. அவள் கையிலிருந்த குழந்தை வாடகைக் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜிப் யார் கண்ணுக்கும் தெரியாது என்று போட்டிருந்தார்கள். உண்மைதான். பாப்பா வீறிட்டு அழ, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். கண்டுபிடித்துத் திறந்தால் ஜிப்பின் பல் பாப்பாவின் கன்னத்தில் உரசிச் சிவந்துபோயிற்று. இடுப்பில் சுருக்கு வைத்து எலாஸ்டிக். தழும்பைச் சுற்றி ஒரு மணி நேரம் எரிச்சல்.

"நைட்டிய மாட்டிக்கிட்டுச் சும்மா கெட கண்ணு. யாரு பாக்கப் போறா?" என்றாள் அம்மா. யாரும் பார்க்கப்போவதில்லை என்பதுதான் பிரச்சினை என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

திருப்பி அனுப்பினேன். நடந்தது: தெருமுனை வரை. தூக்கியது: பாப்பா.

ஜூலை 14, ஞாயிறு

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 30. தம்பி தீபனுக்கு நான் ஒரே அக்கா. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். கூறைச்சேலையும் சீரும் வைத்த கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் பக்கத்தில் அத்தனை சனத்துக்கும் முன்னால் நிற்கிற சடங்கு. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ செய்யலாம்.

பெரியம்மா மெல்ல ஆரம்பித்தாள். "சிந்துவுக்கு ஒடம்பு முடியாட்டி நம்ம மைதிலி செய்யட்டுமே."

மைதிலி பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு பிள்ளை பெற்றும் வயிறு இருக்கிற இடம் தெரியாது. அவள் சேலை மடிப்பு கல்யாணத்துக்குக் கட்டினால் மறுவீடு வரை அப்படியே நிற்கும்.

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கறேன்," என்றேன்.

அம்மா இன்றிலிருந்தே, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுகிற வயிற்றுத்துணியை இன்னும் ஒரு பிடி இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். பழைய நூல் சேலையை நான்காக மடித்து, நான் மூச்சை இழுத்துக்கொள்ள, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுப்பாள். டாக்டர் கொடுத்த பெல்ட் ஜன்னலில் தொங்குகிறது. "அதெல்லாம் சும்மா. நூல் துணிதான் வயித்த உள்ள தள்ளும்," என்பாள் அம்மா.

ஜூலை 17, புதன்

இருமினால் தழும்புக்கு இடப்பக்கம் ஒரு எலுமிச்சம்பழம் எட்டிப் பார்க்கிறது. படுத்தால் போய்விடுகிறது.

தானாகப் போய்விடுகிற ஒன்றுக்கு டாக்டர் எதற்கு? பிரசவமான வயிற்றில் சதை தொங்கத்தான் செய்யும்.

ஜூலை 21, ஞாயிறு

ஜமுனாக்காவை வரச் சொல்லியிருந்தேன். எங்கள் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். பையருக்குப் போகும் முதல் பீஸைத் தைப்பது அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

நான் என் கஷ்டங்களையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். பால் கொடுக்கத் திறக்க வேண்டும், திறந்தது தெரியக் கூடாது, ஜிப் கூடாது, இடுப்பில் எதுவும் தொடக் கூடாது, கூடாரம் மாதிரியும் இருக்கக் கூடாது.

"அழகா இருக்கோணும். அதச் சொல்ல மாட்டேங்கறீங்களே மேடம்," என்றார்.

ஆமாம் ஜமுனாக்கா, அழகாக இருக்க வேண்டும். நான் ஃபோட்டோவில் இருக்க வேண்டும்.

டேப்பை எடுத்து அளந்தார். பழக்க தோஷம், கம்பெனி ஃபாரத்திலேயே எழுதினார். மார்பு, மார்புக்குக் கீழ், இடுப்பு, முன்பக்கம் இடது, முன்பக்கம் வலது, தேதி, கையெழுத்து. சாம்பிளில் எதை மாற்றினாலும் எந்தத் தேதியில் எவ்வளவு மாற்றினோம் என்று எழுத வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் வேதம்.

நடந்தது: கோவில் வரை. தூக்கியது: பாப்பா, இட்லி மாவுப் பாத்திரம்.

ஜூலை 28, ஞாயிறு

வந்தது என் டிரெஸ்!

கரும்பச்சை, நல்ல மெல்லிய பருத்தி. மார்புக்குக் கீழே ஒரு தையல், அங்கிருந்து கணுக்கால் வரை வழிந்து விழுகிறது. மார்பில் இரண்டடுக்கு. மேலடுக்கைத் தூக்கினால் உள்ளே இரண்டு பக்கமும் கத்தரித்த திறப்பு, ஓரமெல்லாம் உருட்டித் தைத்திருக்கிறது. பாப்பாவின் கன்னத்தில் எதுவும் படாது. முன்னால் நெட்டுக்கு நான்கு பட்டைகள், ஓரத்துப் பட்டை இரண்டும் இன்னும் கருப்பு. பார்க்கிற கண் நடுவிலேயே ஓடிப் போய்விடும். இந்த வித்தையெல்லாம் நானே பையருக்கு விற்ற வித்தைதான், ஆனால் என் மேல் வேலை செய்யும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

இடப்பக்கம் மட்டும் வயிற்றில் இறுக்கி முட்டியது. ஜமுனாக்கா ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, தையலைப் பிரித்து, அரை இஞ்ச் விட்டார். ஃபாரத்தில் எழுதினார். அப்புறம் கண்ணாடியில் பார்த்தால் வயிறே இல்லை.

லோகநாதன் வந்ததும் ஃபோட்டோ எடுத்தார். இந்தத் தடவை நான் தலை முதல் கால் வரை இருக்கிறேன். "ஆப்பரேஷன் ஆனவளாட்டவே இல்ல," என்றார். அதை இன்று பத்துத் தடவையாவது மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆப்பரேஷன் ஆனவளாட்டம் இல்லை என்று எல்லாருமே சொல்கிறார்கள். பத்திரிகை வைக்கப் பதினெட்டு வீடு என்னை அனுப்பினார்கள். வீடு பெருக்கினேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது, அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், அப்பா மண்டபக்காரரிடம் ஃபோனில் இருந்தார். நானே பிடித்து வைத்தேன். கம்பெனியிலிருந்து மேனேஜர் வேறு அழைத்து, செப்டம்பரில் வேலைக்கு வந்துவிட முடியுமா என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாரும் என்னை ஆளாக மதிப்பது.

தூக்கியது: பாப்பா, குடம் (ஆறு), அரிசி மூட்டையின் ஒரு முனை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். போகவில்லை. கல்யாண வேலை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜமுனாக்கா வந்தார். இரண்டாவது டிரெஸ், மெரூன். கல்யாணத்துக்குப் பட்டு ரவிக்கையும் அவர்தான் தைக்கிறார். முன்னால் ஹூக், அதற்கு மேலே மறைக்க ஒரு மடிப்பு. சேலைக்கு நாடா இல்லாத பாவாடை, அகலமான துணிப்பட்டையும் பக்கவாட்டில் ஒட்டும் பட்டையுமாக ஒரு ஏற்பாடு யோசித்து வைத்திருக்கிறார். கெட்டிக்காரி.

பச்சையில் அரை இஞ்ச் விட்ட அளவையே வைத்துத் தைத்த மெரூன், இடப்பக்கம் மறுபடி முட்டியது. முக்கால் இஞ்ச் விட்டார்.

"சாப்பாடு ஜாஸ்திங்க்கா. அம்மா பூண்டும் நெய்யுமாப் போடறாங்க," என்றேன்.

ஜமுனாக்கா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மத்தியானம் கொஞ்சம் வலி. படுத்தேன், கையை வைத்து அமுக்கினேன், போய்விட்டது. போவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பட்டு ரவிக்கை, பாவாடை, எல்லாம் போட்டுப் பார்க்கும் நாள். இடுப்பில் ஒத்திகைக்கு ஒரு கூடையும் வைத்துக்கொண்டேன். உள்ளே ஆறு தேங்காய். பாவாடைப் பட்டையின் ஒட்டு பிரிந்துகொண்டது. இடப்பக்கம்தான்.

ஜமுனாக்கா கூடையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அம்மா வெளியே இருக்கிறாளா என்று பார்த்தார். டேப்பை வைத்து அளந்து, அந்த ஃபாரத்தில் எழுதி என் முன்னால் விரித்தார்.

"இதப் படிங்க மேடம். நீங்க படிச்சவங்க."

இடது: ஜூலை 28, அரை இஞ்ச். ஆகஸ்ட் 11, முக்கால். இன்று கால். மொத்தம் ஒன்றரை. வலது: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"நெய் சாப்பிட்டா ரெண்டு பக்கமுந்தாங்க ஏறும். இருவத்தாறு வருசமாத் தைக்கறேன், சோத்துல ஒரு பக்கம் மட்டும் பெருத்த பொம்பளைய நான் பாத்ததில்ல."

"டாலரன்ஸுன்னு வெச்சுக்கங்களேன்," என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "தப்பு என்ற மேலயுந்தான். மொதோ நாளே கேட்டிருக்கோணும். பாத்தது துணியத்தான். முட்டுச்சுன்னா பிரிச்சு உடறதுதான நம்ம பொழப்பு? துணி எதுக்கு முட்டுதுன்னு நாம என்னிக்குக் கேட்டோம்?" என்றார். "இனி இதுல நான் ஒரு தையல் பிரிக்க மாட்டேன். மொதல்ல டாக்டரப் பாத்துட்டு வாங்க."

ரவிக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டு நாளாக எழுதவில்லை. இன்று உண்மையை எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்.

கல்யாணத்துக்காக மறைக்கவில்லை. மைதிலி கூடையைத் தூக்குவாளே என்றும் இல்லை. அதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

ஆப்பரேஷனுக்கு அப்புறம் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பாப்பா இங்கே அம்மாவிடம், பவுடர் பாலும் பாட்டிலும். மருந்து ஏறின பால் பிள்ளைக்கு விஷம் என்று அம்மா சொன்னாள். பிழிந்து பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றினேன், ஒரு பக்கம் கண்ணீர், ஒரு பக்கம் பால். வீட்டுக்கு வந்து மடியில் போட்டால் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைத் தெரியாதவள் மாதிரி கைகால் உதைத்து, பாட்டிலைப் பார்த்துக் கத்தினாள். பதினான்கு நாள். ஒவ்வொரு நாளும் மார்பில் வாயை வைத்து, அழுது, விட்டு, மறுபடி வைத்து. பதினைந்தாம் நாள் காலை பிடித்துக்கொண்டாள். நான் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வயிற்றைக் காட்டினால் மறுபடி வெட்டுவார்கள். மறுபடி பன்னிரண்டு நாள். மறுபடி திருப்பிக்கொண்டால், இன்னொரு தடவை என்னிடம் வருவாளா? அதுதான் பயம். கரும்பச்சையும் மெரூனும் அந்தப் பயத்துக்குப் போட்ட உறைதான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் குளித்ததும் அம்மா வயிற்றுத்துணியோடு வந்தாள். காலைச் சுவரில் ஊன்றப்போனாள். "இரும்மா. இதப் பாரு," என்று நின்றபடியே இருமினேன். எலுமிச்சம்பழம் என்று எழுதியிருந்தேன் இல்லையா, இப்போது அது சாத்துக்குடி.

அம்மா அலறுவாள் என்று நினைத்தேன். உள்ளங்கையை வைத்து, பதமாக ஒரு அமுக்கு அமுக்கினாள். அது உள்ளே போயிற்று. எத்தனையோ தடவை செய்து பழகின கை.

"இதுக்கா மூஞ்சிய இப்பிடி வெச்சுக்கிட்ட? இது ஒன்னுமில்ல கண்ணு. பொம்பளைகளுக்கு இருக்கறதுதான். இறுக்கிக் கட்டிக்கிட்டா உள்ள போயி உக்காந்துக்கும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கொசுவத்தை உருவினாள். உள்ளே அவளும் ஒரு துணி கட்டியிருந்தாள், சுற்றிச் சுற்றி மூன்று சுற்று. அதை அவிழ்த்தாள்.

ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. தோல் மெலிந்து பளபளவென்று, உள்ளே எதுவோ நெளிவது தெரிந்தது.

"நீ பொறந்து ஆறாம் மாசம், கெணத்துல தண்ணி எறைக்கறப்ப வந்துது," என்றாள். "தீபன் வயித்துல இருந்தப்ப பெருசாயிருச்சு."

இருபத்தொன்பது வருஷம்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்கு அதெல்லாம்?"

"வலிக்காதா?"

"வலிச்சா செத்த நேரம் படுத்துக்குவேன்."

மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா பத்து நிமிஷம் மல்லாந்து படுப்பாள். சமையற்கட்டில் பாத்திரம் அப்படியே கிடக்கும். சோம்பேறி என்று நானும் தீபனும் கேலி செய்வோம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். எத்தனை நாட்டுப் பெண்களுக்கு அளவு பார்த்திருக்கிறேன் நான்! என் அம்மாவின் இடுப்பை ஒரு நாள் பார்த்ததில்லை. என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

"நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போறோம்," என்றேன்.

"எனக்கு எதுக்கு? இத்தன வருசம் ஒன்னும் ஆகல. கல்யாண ஊடு. நீ வேணாப் போயிட்டு வா. ஆம்பள டாக்டர்கிட்ட நான் வயித்தக் காட்ட மாட்டேன்."

"நீ வந்தாத்தான் நான் போவேன். நீ கட்டிக்கிட்டே இரு, நானும் கட்டிக்கிட்டே இருக்கறேன். இன்னும் இருவது வருசம் கழிச்சுப் பாப்பாவுக்கும் எப்பிடிக் கட்டறதுன்னு சொல்லித் தரலாம்."

அம்மா அவிழ்ந்த துணியை மடித்துக் கொடியில் போட்டாள்.

"பொம்பள டாக்டர் இருக்காங்களா, விசாரி."

ஆகஸ்ட் 24, சனி

திருப்பூரில் பெண் சர்ஜன் ஒருவர். லோகநாதன்தான் கண்டுபிடித்து, பாப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். போகும் வழியில் காரில்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "நல்லாருக்கறயேன்னு நெனச்சனே," என்றார்.

அம்மாதான் முதலில் படுத்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா தாங்கினீங்க?" என்று கேட்டார். அதுவரை ஜம்பமாக இருந்த அம்மா அழுதுவிட்டாள். வருஷம் இத்தனை ஆகியும் அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. அடுத்த மாதமே ஆப்பரேஷன், தள்ளிப் போடக் கூடாது என்றார்.

எனக்கும் அதேதான், குடலிறக்கம். வெட்டின இடத்துத் தசை சரியாகச் சேராததால் வந்தது, சுமை தூக்கியதால் பெரிதாகிவிட்டது. பெல்ட் போட வேண்டும், பாப்பாவைத் தவிர எதையும் தூக்கக் கூடாது. சில மாதம் கழித்துத் தைக்கலாம். ஆனால் ஒரு நாள் அது உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டு வலியும் வாந்தியும் வந்தால், கல்யாண மேடையில் இருந்தாலும் அப்படியே ஓடி வர வேண்டும் என்றார்.

"எம் பாப்பாவுக்குப் பால்..." என்று ஆரம்பித்தேன்.

"கூடவே வெச்சுக்கங்க. மயக்கம் நல்லாத் தெளிஞ்சதும் பால் கொடுக்கலாம். கொடுக்கக் கூடாத மருந்துன்னா நாங்க சொல்லுவோம், பெரும்பாலும் அப்படி இருக்காது. போன தடவை டாக்டரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் பாலை வாஷ்பேசினில் ஊற்றினேனே தவிர, வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல நினைத்தேன். இன்னும் மனது வரவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

தீபனிடம் சொன்னேன். மைதிலி இணைச்சீர் செய்யட்டும் என்றேன். "நீ பக்கத்துல நின்னாப் போதும்க்கா," என்றான். பாத்ரூமில் போய் அழுதேன். அவன் பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த சடங்கு அது.

தூக்கியது: பாப்பா மட்டும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

பெல்ட் போட்டு, மேலே மெரூன் டிரெஸ். சொந்தத்தில் பட்டு கட்டாத ஒரே பெண் நான்தான். வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏனுங்க, சிந்து ஏன் பட்டுக் கட்டல? கூடப் பொறந்தவ இருக்கறப்ப மைதிலி எதுக்குச் சீர் செய்யறா?"

அம்மா முதல் ஆளிடம் கொஞ்சம் திணறினாள். அப்புறம் பழகிவிட்டது. சந்தனம் நீட்டிக்கொண்டே, "அவளுக்கு வயித்துல கொடலெறக்கம். எனக்குந்தான். அடுத்த மாசம் எனக்கு ஆப்பரேசன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலர் சந்தனத்தை விட்டுக் கையை இழுத்துக்கொண்டார்கள். பெரியம்மா, "மண்டபத்துல பேசற பேச்சா இது?" என்று பல்லைக் கடித்தாள். அம்மா அவளுக்கும் சந்தனம் நீட்டினாள்.

மைதிலி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தீபன் பக்கத்தில் நின்றாள். ஒரு மடிப்புக் கலையவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் முகம் சிலை மாதிரி இருந்தது. இந்தப் பெருமை எல்லாம் எனக்கு வர வேண்டியது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைப்பானேன்.

தாலி கட்டி முடிந்ததும் மாடி அறையில் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மைதிலி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சிந்து, அந்த டாக்டரம்மா வயித்துக்கு மட்டுந்தான் பாப்பாங்களா?"

"ஏன்?"

"சின்னவன் பொறந்ததுல இருந்து... இருமுனா, தும்முனா, ஒன்னுக்குப் போயிருது. நாலு வருசமாச்சு. ஊட்டுல யாருக்கும் தெரியாது." அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. "கூடையோட நின்னப்ப முழுக்க அந்தப் பயந்தான். நான் வாயுட்டுச் சிரிச்சு நீ பாத்திருக்கறயா?"

பார்த்ததில்லை. தலைக்கனம் என்று நினைத்திருந்தேன். அவளிடம் போய்ச் சுமையைக் கொடுத்துவிட்டு, பொறாமையும் பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அவங்களக் கேப்போம். அவங்க பாக்காட்டி எந்த டாக்டரப் பாக்கறதுன்னு அவங்களே சொல்லுவாங்க. நானும் கூட வரேன்," என்று ஃபோனில் நம்பரை அனுப்பினேன்.

கீழே பந்திக்குக் கூப்பிட்டார்கள். வா, போகலாம் என்றேன். மைதிலி அசையவில்லை.

"இப்பவும் ஆயிருச்சு. சேல மாத்தோணும். கதவுல தாப்பா இல்ல," என்றாள்.

பாப்பா இன்னும் குடித்து முடிக்கவில்லை. வாயை விடுவிக்காமல் அப்படியே அவளை அணைத்துக்கொண்டு எழுந்து போய், கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.